வீட்டுக்கு ஒருத்தர்

"அப்ப என் தங்கச்சி பொய் சொல்றாங்கறீங்களா?"

அக்கா போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் முட்டியை நீவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸ் எழுந்து கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுங்கம்மா. இவங்க ரத்தத்துல எங்க மருந்தே இல்லை. மாத்திரை முழுங்காதவங்களை ஆராய்ச்சியில வெச்சுக்க முடியாது. இன்னியோட பேரை எடுத்துடுவோம்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். விரல் கணுக்கள் சிவந்து, புடைத்திருந்தன. சேரும்போது பதினோரு மூட்டில் வீக்கம். நாலு மாதம் கழித்து, இன்று நர்ஸ் அழுத்தி அழுத்தி எண்ணியதில் பதினான்கு.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தின்கிறதாம். இரண்டு பேரும்தான் அன்றைக்கு வந்து நின்றார்கள். வீட்டுக்கு ஒருத்தரைத்தான் சேர்ப்போம் என்று இவர்கள் சட்டம் பேசியதும், "சின்னவளைச் சேர்த்துக்குங்க, அவளுக்கு இன்னும் வயசிருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டவள் அக்கா. அதற்கா இந்தப் பேச்சு?

"முழுங்கலையா? தினமும் என் கண்ணு முன்னால முழுங்கறா! மூடியைப் பல்லால கடிச்சாவது ரெண்டு டப்பாவையும் அவதான் திறப்பா. என் சத்து மாத்திரையை என் கையில வைப்பா. நான் தண்ணி கொடுப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு முழுங்குவோம். ரெண்டும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. நீங்க கொடுக்கறது மருந்தா சுண்ணாம்பான்னு யாருக்குத் தெரியும்?"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் அம்மா நிமிராமலே சொன்னார். "எல்லாருக்கும் நிஜ மருந்துதாம்மா. வெறும் மாத்திரை யாருக்கும் கொடுக்கலை."

"அப்ப உங்க மருந்து என்னத்தைக் கிழிச்சுது? உங்களை நம்பாம, வெந்நீர்ல கையை வெச்சே நான் தேறிட்டேன்! ஊசியில நூல் கோக்கறேன். மறுபடியும் காலர் தைக்கிறேன். உங்களை நம்பின இவ சீப்புப் பிடிக்க முடியாம உட்கார்ந்திருக்கா. இந்த மருந்து கடையில கிடைக்காதுன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப பேரை அடிச்சுட்டா இவ எங்க போவா?"

மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். குத்திய கையையே பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார்.

"முதல் நாள் உங்களையும் சோதிச்சேன். வலது கை மூட முடியவில்லைன்னு என் கையெழுத்துலயே இருக்கு."

"அதான் சொன்னேனே, வெந்நீர்..."

டாக்டர் தங்கையிடம் திரும்பினார். "எந்த டப்பாவுல இருந்து யாருக்கு எடுத்துக் கொடுத்தே?"

தங்கை புடைத்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஆபீஸ்ல போன் எடுத்துப் பேசற வேலை டாக்டர். வாய் இருந்தாப் போதும். அக்காவுக்குக் கை வேணும்."

"சொல்லாம கொடுத்திருக்கே! அவங்க உடம்புக்கு ஒத்துக்காமப் போயிருந்தா? அவங்க முழுங்கறதே எங்களுக்குத் தெரியாதே. யார் பார்த்திருப்பா?" இந்த முறை சத்தம் போட்டவர் டாக்டர்.

அக்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். தினமும் காலையில் தன் உள்ளங்கையில் வந்து விழுந்த அந்த வெள்ளை மாத்திரை. பக்கத்திலேயே நின்று, சத்து மாத்திரையைச் சிரித்துக்கொண்டே முழுங்கிய இவள்.

"அடிப்பாவி! தண்ணி எடுத்துக் கொடுக்க வெச்சே என்னை ஏமாத்தினியா? உன் கையை உருப்படாமப் பண்ணிக்கிட்டியேடி!" அழுகையும் ஆத்திரமுமாக, தங்கை முதுகில் குத்தக் கையை ஓங்கினாள்.

தங்கை நகரவில்லை. ஓங்கிய கையையே ஆசையாகப் பார்த்தாள்.

"நல்லாக் குத்துக்கா. அந்தக் கை இப்படி மூடிப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு."