திறக்காத கதவு

எல்லைக் கோட்டையின் கதவில், தோள் உயரத்தில், ஒரே ஒரு குழி இருந்தது. "எதிரிங்க இடிச்சது. அப்பவும் நம்ம தளபதி கதவைத் திறக்கல" என்றார் நினைவிடத்தைச் சுற்றிக்காட்டுபவர். பார்க்க வந்திருந்த மாடத்தியின் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை வேறு. படைக்கு அரிசி கொண்டுவரும் வண்டிக்காரர்கள், நுகத்தில் செருகும் இரும்பு முளையால் எப்போதும் அந்த இடத்தில்தான் தட்டுவார்கள். கதவு திறக்கும். கடைசி முறை, அவளுடைய முப்பாட்டன் கொண்டுவந்த மூட்டைகளை முதலில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். தூரத்தில் எதிரியின் குதிரைகள் தெரிந்ததும், வண்டிக்காரர்களை வெளியிலேயே விட்டுவிட்டுத் தாழ் போட்டார்கள். மாடத்தி விரலை மடக்கி அந்தக் குழிக்குள் மெல்லத் தட்டினாள்.

"தட்டாதீங்கம்மா" என்றார் அவர், தளபதி சிலையின் மாலையைச் சரிசெய்தபடி. "அன்னைக்கே திறக்காத கதவு. அதுதானே நமக்குப் பெருமை."