மூன்றாவது விசில்

வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஆண்டவர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்று ஒருநாள் காலை அடுப்படி நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தேன். என் மனைவி எஸ்தர்கனி சிரித்தாள். "நாப்பது வருஷமா ஜெபத்துல அவரைப் பேசவிட்டீங்களா? குக்கர் மூணு விசில் அடிக்குத வரைக்கும் வாயத் திறக்காம இருங்க பாப்போம். அப்ப நம்புதேன், உங்ககிட்டயும் பேசுவாருன்னு." இரண்டு விசில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதற்கு எழும்பிய வெயிட், சத்தமே இல்லாமல் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. காகங்கள் அடங்கின. தெருவில் மீன்காரர் கூவுவதற்குத் திறந்த வாயோடு நின்றார். அந்த அமைதியில், எங்கள் ஊர்த் தமிழிலேயே ஆண்டவர் கேட்டார்: "மாசிலாமணி, நல்லாருக்கியாடே?" இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. ஆனால் பதில் சொன்னால் பந்தயம் போய்விடும். கண்ணீர் வழிய, தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் வெயிட் ஊரே அதிர விசில் அடித்தது. "ஜெயிச்சிட்டீங்க!" என்று எஸ்தர்கனி கைதட்டினாள். எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்து அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.