நடுத்துண்டு

யன்னலுக்கு வெளியே வெயிலில் ஒரு கழுதை நிற்கிறது. உள்ளே, யாகப்புவின் தலையில் வைத்த காந்தக் கருவி டக் டக்கென்று அடித்து ஓய்கிறது. பாரிசவாதம் வந்த வலக்கை இன்னமும் மடியில் அசையாமல் கிடக்கிறது. எதிர்க் கதிரையில் தம்பி றொபேட், அதே வருத்தத்துக்கு அதே சிகிச்சை எடுத்தவன், வலக்கையால் தேத்தண்ணி குடிக்கிறான். யாகப்பு கருவியை எடுக்கும் தாதி மிஸ்ஸிடம் கேட்கிறார்: “நாங்கள் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்தானே?” “ஓம் ஐயா. ஆனா மரபணு ஆளுக்காள் வேறை. சில பேரின்ரை மூளை கெதியாத் திரும்பப் பழகும், சில பேருக்குச் சுணங்கும்.” சின்ன வயதில் விளைமீனின் நடுத்துண்டை அம்மா எப்போதும் தம்பிக்குத்தான் வைப்பாள். இதையும் அவனுக்கே வைத்தாளா? றொபேட் எழுந்து வருகிறான். “பொறுங்கோ அண்ணை.” திறந்திருந்த சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிடுகிறான், விரல்கள் நடுங்கவேயில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், யாகப்பு இடக்கையால் அந்தப் பொத்தானைக் கழற்றுகிறார்.