ரோச் இழுத்த மூச்சு

"மூச்சை இழுத்து விடு" என்றார் டாக்டர் எஸ்றா.

ரோச் இழுத்தான். விடவில்லை.

விட்டால் காரியம் கெட்டுவிடும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். குடும்பமே சங்கு குளிக்கப் போகிறது, இவனை மட்டும் எந்தத் தோணியிலும் ஏற்றிக்கொள்ளவில்லை. மீசை முளைத்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து தின்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

யுத்தத்துக்குக் கைத்தொழில் தெரிந்த ஆள் வேண்டுமென்று, ஏழைப் பையன்களைச் சர்க்காரே சம்பளம் கொடுத்துப் பழக்குகிறதாம். சோறு, காக்கி நிக்கர், பழகி முடித்ததும் வேலை. கரியும் புகையுமான உலைப்பட்டறைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். தேகப் பரிசோதனை ஒன்றுதான் குறுக்கே நின்றது.

டாக்டர் குழாயை முதுகில் வைத்தார். நகர்த்தினார். மறுபடியும் வைத்தார்.

"விடுப்பா."

ரோச் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

மேசைக்கு அந்தப் பக்கம் கிளார்க் மந்திரமூர்த்தி. காலையிலிருந்து மாறுகண், தட்டைப்பாதம் என்று ஆளுக்கொரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதில் மனிதர் நல்ல உற்சாகமாக இருந்தார்.

"சங்கு குளிக்கிற வீட்டுப் பய சார். வித்தை காட்டுதான்" என்றார்.

"அப்படியா?" டாக்டர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். பெயர் என்ன என்று கேட்டார்.

ரோச் மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினான்.

வீடு எங்கே என்றார். ஜன்னல் வழியே மாதா கோவில் கோபுரத்தைக் காட்டினான்.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார், அந்தப் பாவி மனிதர். ஒரு கை போதாமல் இரண்டு கையையும் விரித்தான். காது சூடேறியது. கண் பிதுங்கியது. மாதாவே, இந்த ஆளுக்குக் கேட்க இனி ஒன்றும் தோன்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

வேண்டுதல் பலித்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தில் 'உலைப்பட்டறை' என்றிருந்ததை அடித்துவிட்டு 'வயர்மேன்' என்று எழுதினார். அடியில் 'திடகாத்திரம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கிளார்க் எட்டிப் பார்த்தார். "உலைக்குத்தான சார் கேட்டிருக்கான்?"

"வயரிங் பழக ஆள் பத்தலை" என்றார் டாக்டர்.

ரோச் இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கினான். டாக்டர் அவன் காதருகே குனிந்தார்.

"வாசலத் தாண்டி, அந்தப் பூவரச மரத்துக்கு அங்கிட்டுப் போயி மூச்ச விடுலே. இங்கன விட்டா கிளார்க்குக்குக் கேட்டுரும்."