இரண்டடிக்குக் கீழே

மண்ணே கத்தியது.

ஜெயபால் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிவிட்டுக் உலோகம் தேடும் கருவியின் குமிழை இடப்பக்கம் திருப்பினார். கவுத்தி மலையின் அடிவார நிலம். ஒரு காந்தத்தைப் போட்டு எடுத்தால் மீசை முளைத்ததுபோல் கருந்துகள் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணிலிருக்கும் இரும்பின் சத்தத்தைக் கழித்தால்தான் மண்ணுக்குள் கிடப்பதன் சத்தம் கேட்கும். அதிகமாகக் கழித்துவிட்டால் இரண்டுமே போய்விடும்.

"என்ன நயினாரே, புழு பூச்சிங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர், பூவரச நிழலில் உட்கார்ந்தபடி.

வேலூரிலிருந்து கருவியோடு ஜீப்பில் வந்திருந்த வயர்லெஸ் டெக்னீஷியன் ஜெயபால் சமணர்; கேலியைக் கேட்டபடியே குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

தேடுவது வேணுவை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, எழுபத்தொன்பதில், மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்த வாரத்தில் காணாமல் போனவன். பெங்களூரில் ஒருத்தியோடு இருக்கிறான் என்று அடி அண்ணாமலை ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துச் சின்னசாமி கொன்றுவிட்டார் என்று மீதிப்பேர் சொன்னார்கள்.

போன மாதம் வேணுவின் நிலத்துக் கிணற்றைத் தூர் வாரியபோது அவன் செருப்பு ஒன்று சேற்றோடு மேலே வந்தது. அன்றைக்கே சின்னசாமியைப் பிடித்துப் போனார்கள். அவர் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

வேணுவின் மனைவி கஸ்தூரி வரப்பில் நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம். அதை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று இரண்டு வருடமாக யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம்" என்று காலையில் இன்ஸ்பெக்டரிடம் கேட்டிருந்தாள்.

வேணுவின் உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று ஜெயபால் அவளிடம் கேட்டார். மோதிரம் இல்லை, கைக்கடிகாரம் இல்லை. விரல் தடிமனில் வெள்ளி அரைஞாண் உண்டு. கல்யாணத்துக்குப் போட்டது. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

அவ்வளவு வெள்ளி என்றால் காதில் அறைந்ததுபோல் கேட்க வேண்டும். இதுவரை கிடைத்தவை ஓர் உடைந்த ஏர்க்கொழு, இரண்டு லாடம், ஒரு வண்டி அச்சாணி.

ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்துக் கொடுத்தவர் வேணுவின் அண்ணன் கோதண்டராமன். தம்பி போனதிலிருந்து அவன் பங்கு நிலத்துக்கும் சேர்த்து ஏர் பூட்டுபவர். தம்பி பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர். தம்பியைக் காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

"அரைஞாணே இல்லன்னா ஆளும் இல்லீங்க. பெங்களூர்லதான் இருக்கான். வெயில் ஜாஸ்தியாயிடுச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்.

கஸ்தூரியின் முகத்தில் தெரிந்தது நிம்மதியா அவமானமா என்று ஜெயபாலால் சொல்ல முடியவில்லை.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

கருவியின் நுனியிலிருந்த சிறிய தேடுதட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினார். மண்ணின் முனகல் லேசாகத் தொடங்கும் இடம்வரை குமிழைக் கூட்டி, அங்கேயே நிறுத்தினார். பிறகு, எறும்பை மிதித்துவிடாமல் நடப்பவர்போல அடி அடியாக நகர்ந்தார்.

கிணற்றுக்கு மேற்கே முனகல் மாறியது. ஓர் ஆள் நீளத்துக்கு வேறு சத்தம். அப்புறம் பழைய சத்தம்.

உலோகம் அல்ல. ஆனால் எப்போதோ புரட்டிப் போட்ட மண்.

"இங்க ரெண்டடி மேல்மண்ண எடுங்க."

கோதண்டராமன் பத்து வெட்டு வெட்டினார். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கான்ஸ்டபிள் ஒருவர் அதை வாங்கி மீதியைத் தோண்டினார்.

ஜெயபால் குழிக்குள் இறங்கித் தட்டை மண்ணோடு உரசுவதுபோல் ஓட்டினார். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினார். ஒன்றுமில்லை.

தெற்குக் கோடியில் மட்டும் மெல்லிய ஒரு சத்தம். அரைஞாண் அளவுக்கு இல்லை. ஒரு பொத்தான் அளவு இருக்கலாம்.

அங்கே மண்வெட்டி வேண்டாம் என்று கையால் மண்ணை விலக்கினார்கள். ஒரு சாண் ஆழத்தில் மண்டையோடு தெரிந்தது. அதன் நெற்றி நடுவில், பச்சை பூத்து, ஓர் ஒரு ரூபாய்க் காசு.



கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் இடுப்புப் பக்கத்து மண்ணைத் தாமே விலக்கிப் பார்த்தார். எலும்புதான் இருந்தது. அரைஞாணை அறுத்து எடுத்துவிட்டுத்தான் புதைத்திருந்தார்கள். தலையைத் தெற்கே வைத்திருந்தார்கள்.

வரப்புக்காகக் கொல்பவன் இதையெல்லாம் செய்யமாட்டான். பிணத்துக்கு அரைஞாண் அறுப்பதும் நெற்றியில் காசு வைப்பதும் வீட்டு மனிதர்கள் செய்வது.

கஸ்தூரி வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். எலும்பை அவள் பார்க்கவில்லை. காசையே பார்த்தாள், வெகுநேரம்.

பிறகு நிமிர்ந்து, கோதண்டராமனிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் குரலில் கேட்டாள்.

"வாய்க்கரிசி போட்டீங்களா, மாமா?"

கோதண்டராமன் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ஒரு பிடி" என்றார்.