அசையாத மாமாவின் ரத்த ஓட்டம்

புதிய ஸ்கேன் கருவியை நம்பலாமா என்று பார்க்க, ஒரே ஆளின் கழுத்தில் ரத்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஸ்கேன் எடுப்பவள் தன் அக்கா புருஷனை வரவழைத்தாள். லாரி ஓட்டுபவர்; படுத்தால் மரக்கட்டை மாதிரி கிடப்பார்.

முதல் அளவு சாதாரணமாக வந்தது. அடுத்தது எகிறியது. ஜெல்லைத் துடைத்து, மறுபடி தடவி, அதே இடத்தில் அளந்தாள். இன்னும் ஏறியது. தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். எத்தனை முறை அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான்.

"மாமா, அசையறீங்களா?"

"கொட்டாவியைக்கூட அடக்கிட்டுக் கிடக்கேன்" என்றவர், சற்று நேரத்தில் குறட்டையே விட்டார். எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் வர நேரமாகும் என்று சொல்ல, கருவியை மாமா கழுத்திலிருந்து எடுக்காமலே போன் ஸ்பீக்கரில் அக்காவை அழைத்தாள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் ஓடலடி. துணி மூட்டையோட மாடி ஏறிட்டிருக்கேன்."

"கொஞ்சம் உட்காருக்கா."

அக்கா உட்கார்ந்தாள். திரையில் மாமாவின் ரத்த ஓட்ட அலைகள் மெல்லத் தாழ்ந்தன. தங்கை வியப்போடு அவளை ஏறச் சொன்னாள், அலைகள் உயர்ந்தன. உட்காரச் சொன்னாள், தாழ்ந்தன.

"என்னடி, என்னை வச்சு விளையாடறியா?"

அதற்குள் தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். வழியில் நிறுத்திய லாரி நினைவுக்கு வர, மாமா துள்ளி எழுந்து, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

"ஏண்டி" என்றாள் அக்கா போனில், திணறலோடு. "உட்கார்ந்துதானே இருக்கேன். இப்ப எதுக்கு எனக்கு இப்படி இரைக்குது?"