நாற்பத்தொரு கேன்கள்

"குழந்தை எத்தனாவது படிக்குது சார்?" என்று கேட்டுக்கொண்டே பன்னிரண்டு கலர் கிரேயான் பெட்டியை எடுத்து வைத்தார் கடைக்காரர். "மூணாவது" என்றான் மெக்கானிக், கொஞ்சமும் கூசாமல். எட்டு வருடமாக அந்தக் குழந்தை மூணாவதுதான் படித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரரும் அதைக் கவனித்ததில்லை.

குழந்தை கிடையாது. மனைவியும் கிடையாது. நிச்சயம் செய்த பெண் ஒரு காலத்தில் நாலு பக்கக் கடிதம் போட்டாள். பதிலே வராததால், 'திமிர் பிடித்தவன்' என்று சொல்லிவிட்டு வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கடிதத்தில் அவன் இன்னும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை. எழுத்து அவனுக்கு நிற்காது, அவ்வளவுதான். காகிதத்தைப் பார்த்தால் ஒன்று இடம் மாறும், இன்னொன்று தலைகீழாகும், பதினாலு நாற்பத்தொன்றாகும். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'மக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் மோட்டார் விஷயத்தில் ஆள் புலி. இருபது மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பம்பும் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. நாளைக்குப் போகப்போகிற பேரிங்கை இன்றைக்கே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவான். 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யாரோடும் சேரமாட்டான். செல்போனை நீட்டி 'இந்த ஜோக்கைப் படிங்க' என்பார்கள், எதற்கு வம்பு? பம்புக்குப் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்து, மோட்டாரிடம் பேசிக்கொண்டே சாப்பிடுவான்.

அவனுக்கு ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. அந்த மறுநாள் வேலைக்கு ஓர் அம்மா வருவார். கண்ணாடி போட்டவர், ரொம்ப அமைதி என்று காவலாளி சொல்லித்தான் தெரியும், முகம் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டு. அன்றன்றைக்கு நடந்ததை அதில் எழுதி வைக்க வேண்டும்.

முதல் நாள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல், ஒழுகுகிற பம்பை வரைந்து அதற்கு நீலக் கண்ணீர் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால், அடுத்த பக்கத்தில் அதே பம்பு கண்ணீரெல்லாம் நின்று, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. நக்கலைப் பார் என்று நினைத்துக்கொண்டான்.

அதோடு விட்டாரா? சூடான மோட்டாரை இவன் சிவப்பாக வரைந்தால், அந்த அம்மா மறுநாள் அதன் நெற்றியில் ஈரத்துணி போட்டு வைப்பார். டீசல் வந்திறங்கிய அன்று நாற்பத்தொரு கேன் வரைந்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் மூடி, கைப்பிடி சகிதம். இரண்டு இலக்கத்தில் முடிகிற விஷயத்தை யாராவது இரண்டு பக்கத்துக்கு வரைவார்களா? கேலிக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று பல்லைக் கடித்தான்.

ஆனாலும் வேலைக்கு வந்ததும் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான். அவனுக்கென்று காகிதத்தில் ஏதோ ஒன்றைப் போட்டு வைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

கிரேயானுக்குக் காசு கொடுக்கும்போது காவலாளி போன் செய்தார். புது மேனேஜர் பழைய நோட்டையெல்லாம் கேட்டாராம். அந்த அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாராம். நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வர வேண்டுமாம். மெக்கானிக் மீதிச் சில்லறையை வாங்காமலே கடையை விட்டு இறங்கினான். போட்டுக் கொடுத்துவிட்டாள் மகராசி.

மறுநாள் பம்பு அறைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனான். அவர்கள் பிடுங்குவதற்கு முன்னால் தானே மேஜையில் வைத்துவிடலாம், இத்தனை வருட உழைப்புக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும் என்று நினைப்பு. மேனேஜர் மேஜையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. எதிர் நாற்காலியில் அந்த அம்மா, கைப்பையை இறுகப் பிடித்தபடி, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சாவியை எடுக்கக் கை போனது. அதற்குள் மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். எட்டு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தண்ணீர் நின்றதில்லையாம். மற்ற கட்டடங்களில் எழுதி வைப்பதை யாரும் படிப்பதே இல்லையாம். இதைப் புரட்டினால் மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாத தனக்கே விளங்குகிறதாம். எல்லாக் கட்டடத்து ஆட்களுக்கும் நீங்கள் இருவரும்தான் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், சம்பளமும் கூடும் என்றார்.

"ஆமா, இதை யாரு ஆரம்பிச்சது?"

அந்த அம்மா தலை நிமிராமல் இவன் பக்கம் கையைக் காட்டினார்.

வெளியே வராந்தாவில் இருவரும் தனியாக நின்றார்கள். அவன் உள்ளங்கையில் சாவி வேர்வையில் நனைந்திருந்தது. இத்தனை நாள் மென்று விழுங்கிய கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏம்மா, ஒரு மனுஷனை இப்படியா கேலி பண்ணுவீங்க?

அந்த அம்மா முந்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க மட்டும் படம் வரைஞ்சு வெக்கலைன்னா, மறுநாளே நான் வேலையை விட்டுட்டு ஓடியிருப்பேன் அண்ணே" என்றார். பிறகு யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கு எழுத்து நிக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"